எபிரேய வேதத்தின் வம்ச அட்டவணைகள்: எதற்காக எழுதினார்கள், எப்படி வாசிப்பது

கேள்வி இதுதான்: யூதர்களின் வேதத்தில் "இன்னாருக்கு இன்னார் பிறந்தார்" என்று பக்கம் பக்கமாக வருகிறதே, அதற்கு என்ன பொருள்? அதை ஏன் இவ்வளவு கவனமாகப் பாதுகாத்தார்கள்? ஒரே ஆளுக்கு ஓரிடத்தில் ஒரு தகப்பனும் இன்னோரிடத்தில் வேறு தகப்பனும் இருப்பது எப்படி?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டவணைகள் பத்திரங்கள். நிலம் யாருடையது, பலிபீடத்தை யார் நெருங்கலாம், அரியணை யாருக்கு, எந்த அண்டை நாட்டாரைப் பங்காளியாக நடத்த வேண்டும், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்ற கேள்விகளில் ஏதோ ஒன்றுக்கு ஒவ்வொரு பட்டியலும் பதில் சொல்கிறது. குடும்ப நினைவேடு என்று நினைத்து வாசித்தால் சலிப்புத்தான் மிஞ்சும். எந்த உரிமைக்கான பத்திரம் என்று தெரிந்துவிட்டால், வறண்டு கிடந்த பெயர்கள் பேச ஆரம்பிக்கும். முரண்பாடுகளில் பெரும்பகுதிக்கும் அங்கேதான் விளக்கம் இருக்கிறது: வேறு உரிமை, வேறு பத்திரம், ஆகவே வேறு பட்டியல். (பெயர்களைத் தமிழ் வேதாகமத்தில் பழகிய வடிவிலேயே தருகிறேன். அதிகார, வசன எண்களும் அதன்படியே.)

எபிரேயத்தில் இதற்கான முக்கியமான சொல் தோலேதோத். பெறுதல், பிறப்பித்தல் என்று பொருள்படும் யாலத் என்ற வினையிலிருந்து வந்தது. "பிறந்தவை" என்று சொல்லலாம், "விளைந்தவை" என்றும் சொல்லலாம். ஆதியாகமத்தில் இந்தச் சொல் 11 இடங்களில் தலைப்புபோல நிற்கிறது. 2:4-இல் வானத்துக்கும் பூமிக்கும்கூட தோலேதோத் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே "வரலாறு", 5:1-இல் "வம்சவரலாறு" என்று வருவதால் இரண்டும் ஒரே சொல் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தத் தலைப்புகளைத் தனியே எடுத்து அடுக்கினால் ஆதியாகமத்தின் எலும்புக்கூடே கிடைத்துவிடும். கவனிக்க வேண்டிய ஒன்று: தலைப்பில் தகப்பன் பெயர் இருக்கும், பின்னால் வரும் கதை பிள்ளையுடையதாக இருக்கும். தேராகின் தோலேதோத் என்று தொடங்கி ஆபிரகாமின் கதை. ஈசாக்கின் தோலேதோத் என்று தொடங்கி யாக்கோபு, ஏசா கதை. யாக்கோபின் தோலேதோத் என்று தொடங்கி யோசேப்பின் கதை. ஒதுங்கிப்போகும் கிளையின் கணக்கை முதலில் முடித்துவிட்டு முக்கியக் கிளைக்குத் திரும்புவதும் அந்த நூலின் வழக்கம். இஸ்மவேலை 25-ஆம் அதிகாரத்தில் 7 வசனங்களில் சொல்லி முடித்த பிறகே ஈசாக்கு வருகிறான். ஏசாவுக்கு 36-ஆம் அதிகாரம் முழுவதையும் கொடுத்த பிறகே யாக்கோபின் பிள்ளைகள் வருகிறார்கள்.

அட்டவணைகளில் இரண்டு வடிவங்கள் உண்டு, இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டியதுபோல. ஒன்று, தலைமுறைக்கு ஒரு பெயராக இறங்கும் நேர்க்கோடு. ஆதியாகமம் 5, ரூத் 4:18-22 இந்த வகை. இதில் இரண்டு முனைகளுக்குத்தான் கனம்: மூல புருஷன் யார், கடைசியில் நிற்பவர் யார். நடுவில் உள்ள பெயர்கள் கடைசி ஆளை முதல் ஆளோடு கட்டும் கயிறு மட்டுமே, அதனால் சில பெயர்கள் விடுபட்டாலும் எழுதியவர்கள் கவலைப்படவில்லை. மற்றொன்று, அண்ணன் தம்பிகளாகக் கிளைவிடுவது. இதில் யார் மூத்தவன், எந்தத் தாய்க்குப் பிறந்தவன், அந்தத் தாய் மனைவியா மறுமனையாட்டியா என்பதே செய்தி, ஏனென்றால் இங்கே "சகோதரர்கள்" பெரும்பாலும் ஊர்களும் குலங்களும் நாடுகளும்தான். ஆபிரகாமின் சகோதரன் நாகோருக்கு 12 பிள்ளைகள்: மனைவி மில்காளுக்கு 8, மறுமனையாட்டி ரேயுமாளுக்கு 4. யாக்கோபுக்கும் 12: லேயாள், ராகேல் இருவருக்கும் சேர்த்து 8, பில்காள், சில்பாள் என்ற பணிப்பெண்களுக்கு 4. இஸ்மவேலுக்கும் 12 பிரபுக்கள். இப்படி 12 என்ற எண் திரும்பத் திரும்ப வருவதும், 8-க்கு 4 என்று பிரிவதும் தற்செயல் என்று சொல்ல முடியாது. கோத்திரங்களின் கூட்டணியை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகப் பேசும் மொழி இது. தாயின் தகுதி கூட்டணிக்குள் அந்தக் கோத்திரத்தின் தகுதி.

வாசிப்பதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். பெயர்களை மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒரே மாதிரி திரும்பி வரும் வாக்கிய வாய்பாடு எங்கே உடைகிறது என்று குறியுங்கள்: ஒரு பெண்ணின் பெயர், ஒரு வயது, ஒரு சிறு சம்பவம், திடீர் மௌனம். பிறகு பட்டியல் யாரோடு நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாக, அதே குடும்பம் வேறு எங்கே வருகிறது என்று தேடி ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு யாத்திராகமம் 6:14-25-ஐவிட நல்ல பயிற்சி இல்லை என்பது என் கருத்து.

மோசே "எனக்குப் பேச வராது" என்று தயங்குவதற்கும் (6:12) அதையே மறுபடி சொல்வதற்கும் (6:30) நடுவில் இந்தப் பட்டியல் செருகப்பட்டிருக்கிறது. யாக்கோபின் மூத்த மகன் ரூபனில் தொடங்குகிறது: 4 பெயர்கள். அடுத்து சிமியோன்: 6 பெயர்கள். மூன்றாவது லேவி. அதோடு நின்றுவிடுகிறது. யூதா, தாண், நப்தலி யாருமே இல்லை. 12 கோத்திரங்களையும் எண்ணுவது நோக்கமாக இருந்திருந்தால் இது அரைகுறை வேலை. லேவியை அடைவதற்காகவே முதல் இரண்டு பெயர்களும் வந்தன என்றால் அளவெடுத்துச் செய்த வேலை. லேவிக்கு வந்ததும் வயதுகள் முளைக்கின்றன: லேவி 137, கோகாத் 133, அம்ராம் 137. அம்ராம் தன் அத்தை யோகெபேத்தை மணந்தான் என்று மறைக்காமல் சொல்கிறது; லேவியராகமம் 18:12 பின்னால் தடுக்கும் உறவு அது. அவர்களுக்கு ஆரோனும் மோசேயும் பிறக்கிறார்கள். இனி மோசேயின் மனைவி மக்களைச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்போம். ஒரு வார்த்தை இல்லை. சிப்போராளும் இல்லை, கெர்சோமும் எலியேசரும் இல்லை. பட்டியல் ஆரோன் பக்கமே போகிறது: ஆரோன் மணந்தது எலிசபாளை, அவள் அம்மினதாபின் மகள், நகசோனின் சகோதரி. நகசோன் யூதா கோத்திரத்தின் தலைவன், தாவீதின் முன்னோன். ஆக ஆசாரியக் குடும்பத்துக்கும் பின்னால் அரச குடும்பமாகப் போகும் வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் இந்த ஒற்றை வரியில் பதிவாகிவிட்டது. ஆரோனின் 4 பிள்ளைகள், பிறகு எலெயாசார், பிறகு பினெகாஸ். அங்கே முற்றுப்புள்ளி. எண்ணாகமம் 25-இல் நித்திய ஆசாரியத்துவத்தின் உடன்படிக்கையைப் பெறப்போகிறவன் இந்தப் பினெகாஸ்தான். நடுவே கோராகின் பெயரும் அவன் மகன்களின் பெயர்களும் இருக்கின்றன. எண்ணாகமம் 16-இல் கலகம் செய்யப்போகும் கோராகு மோசேக்குச் சிற்றப்பா மகன் என்பது இங்கேதான் தெரியவருகிறது. ஆரோனின் மகன்களில் இறந்துபோன நாதாப், அபியூ இருவரையும் லேவியராகமம் 10-இல் தூக்கிச் செல்லப்போகும் மீசவேல், எல்சாபான் பெயர்களும் இங்கேயே இருக்கின்றன. 12 வசனங்களில், மோசேயின் பெயரைச் சொல்லிக்கொண்டே, ஆரோன் வீட்டாரின் ஆசாரிய உரிமைக்குப் பத்திரம் எழுதி முடித்துவிட்டார்கள்.

அடுத்து நிலம். இதில் அட்டவணையின் பயன் கண்ணால் பார்க்கும்படி தெரிகிறது. எண்ணாகமம் 27-இல் மனாசே கோத்திரத்துச் செலோப்பியாத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று 5 மகள்கள். "மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனுடைய பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும்" என்பது அவர்கள் வாதம். அவர்கள் கேட்பது நிலம்தான் என்றாலும் வாதம் பெயரைப் பற்றியது, ஏனென்றால் அந்தச் சமூகத்தில் பெயர் அட்டவணையில் இருந்தால்தான் நிலத்தில் பங்கு. தீர்ப்பு அவர்கள் பக்கம். 36-ஆம் அதிகாரத்தில் பங்காளிகள் எதிர்மனு போடுகிறார்கள்: இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் எங்கள் நிலம் அங்கே போய்விடுமே. அதனால் சொந்தக் கோத்திரத்துக்குள் மணம் என்று நிபந்தனை வந்தது, ஐவரும் தகப்பனுடைய சகோதரர்களின் மகன்களை மணந்தார்கள். யோசுவா 17-இல் கணக்கு முடிகிறது. மனாசேயின் குலங்கள் அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், ஏப்பேர், செமீதா என்று 6. ஏப்பேரின் பங்கை அவன் பேத்திகள் ஐவர் எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 5 குலம், 5 பெண்கள், மொத்தம் 10 பங்கு. 17:5-இல் அந்த 10 அப்படியே இருக்கிறது.

1910-இல், இஸ்ரவேலின் வட ராஜ்யத்துக்குத் தலைநகரமாக இருந்த சமாரியாவின் அரண்மனைப் பகுதியை அகழ்ந்தபோது மை எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. திராட்சை ரசமும் எண்ணெயும் எந்த வட்டாரத்திலிருந்து வந்தன என்று குறித்துவைத்த அன்றாடக் கணக்குச் சீட்டுகள். அவற்றில் வட்டாரப் பெயர்களாக அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா வருகின்றன. நோவாளும் ஒக்லாளும்கூட வருகிறார்கள். வேதத்தில் பெண்களாக நிற்கும் இருவர், அரண்மனைக் கணக்கரின் கையில் நிலப்பகுதிகளின் பெயர்கள். திர்சாவோ சமாரியாவுக்கு முன் அந்த நாட்டின் தலைநகராகவே இருந்த ஊர். "மகன்", "மகள்", "தகப்பன்" என்ற சொற்களால் நிலப்படம் வரைய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1 நாளாகமம் 2:51 "பெத்லெகேமின் தகப்பன் சல்மா" என்று சொல்லும்போது அதே மொழிதான். காலேப் விஷயத்திலும் இதே கதை. எண்ணாகமம் 32:12 அவனைக் கேனாசியன் என்கிறது. ஆதியாகமம் 36-இன்படி கேனாஸ் ஏசாவின் பேரன், ஏதோமியக் கிளை. நாளாகமத்திலோ காலேப் யூதாவின் கொள்ளுப்பேரனாக, எஸ்ரோனின் மகனாக நிற்கிறான். எப்ரோன் பகுதியில் யூதாவோடு கலந்து வாழ்ந்த ஒரு குலம், கலந்த பிறகு யூதாவின் அட்டவணைக்குள் பிள்ளையாக ஏறிவிட்டது என்பதே அறிஞர்கள் பலர் தரும் விளக்கம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பொய் எழுதினார்கள் என்று இதைச் சொல்வது தவறு. உறவு முறை சொல்லித்தான் ஒருவரைத் தன் குடியில் சேர்க்க முடியும் என்ற உலகத்தில், சேர்ந்ததற்கான பதிவே அந்த உறவு முறை.

ஆதியாகமம் 10-இல் நோவாவின் 3 மகன்களிடமிருந்து உலகத்தின் நாடுகளெல்லாம் கிளைக்கின்றன. மரபான கணக்கு யாப்பேத்துக்கு 14, காமுக்கு 30, சேமுக்கு 26, ஆக 70. யாக்கோபின் வீட்டார் எகிப்துக்குப் போனபோதும் 70 பேர் (ஆதியாகமம் 46). உலகம் 70, இஸ்ரவேல் 70 என்ற பொருத்தம் திட்டமிட்டது. ஆனால் 46-ஆம் அதிகாரத்தைப் பென்சிலோடு எண்ணினால் ஒரு சிக்கல் வரும்: லேயாளின் வழியில் 33 என்கிறது, யூதாவின் மகன்களில் கானானிலேயே செத்துப்போன ஏரையும் ஓனானையும் கழித்து, லேயாளின் மகள் தீனாளைச் சேர்த்தால் 32-தான் வரும். தல்மூதின் (யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு) அறிஞர்கள் அந்த ஒரு ஆள் யோகெபேத், எகிப்தின் மதில்களுக்கிடையே நுழையும்போது பிறந்தவள் என்று நிரப்பினார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவில் மொத்தமே 75. முழு எண்ணுக்குக் கொண்டுவருவது இந்த வகை எழுத்தின் இலக்கணம், தலை எண்ணிய கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்களில் அதிகம் பேர் வழுக்கி விழுவது ஆதியாகமம் 5-இல். அமைப்பு எளிது: இன்ன வயதில் மகன் பிறந்தான், அதன்பின் இத்தனை ஆண்டு இருந்தான், மொத்தம் இத்தனை, மரித்தான். மகன் பிறந்த வயதுகளை மட்டும் கூட்டினால் காலக்கோடு வரும். எபிரேயப் பாடத்தில் (எபிரேயப் பிரதிகளின் வாசகத்தில்) 130, 105, 90, 70, 65, 162, 65, 187, 182. நோவா பிறந்தது படைப்பிலிருந்து 1056-ஆம் ஆண்டு. ஜலப்பிரளயத்தின்போது நோவாவுக்கு 600, ஆகவே பிரளயம் 1656. மெத்தூசலா பிறந்தது 687, ஆயுள் 969, கூட்டினால் 1656. பிரளய ஆண்டிலேயே போய்விடுகிறான். சமாரியர் என்ற தனிச் சமூகத்தாரின் தோராவில் (வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) அதே கூட்டல் 1307-இல் முடிகிறது. செப்துவஜிந்தாவில் பெரும்பாலான வயதுகளுக்கு 100 கூட்டியிருக்கிறார்கள், பிரளயம் 2242. அதன் சில பிரதிகளில் மெத்தூசலாவுக்கு மகன் பிறந்த வயது 167 என்றிருப்பதால் அவன் பிரளயத்துக்குப் பின்னும் 14 ஆண்டு உயிரோடு இருக்கிறான், பேழையில் ஏறாமலே! அதைக் கண்டுதான் வேறு பிரதிகளில் 187 என்று திருத்தியிருக்கிறார்கள். மூன்று பாடங்கள், மூன்று காலக்கணக்குகள். 1650-இல் ஆயர் ஜேம்ஸ் அஷர் படைப்பை கி.மு. 4004 என்று வைத்ததுபோல இவற்றைக் கூட்டி உலகத்தின் வயதைச் சொல்ல முயல்பவர்கள், எந்தப் பாடத்தைக் கூட்டுகிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆனாலும் இந்தக் கூட்டலுக்கு யூத வாழ்க்கையில் இன்றும் வேலை இருக்கிறது. 11-ஆம் அதிகாரத்தின் வயதுகளையும் சேர்த்தால் பிரளயத்திலிருந்து 292 ஆண்டில் ஆபிரகாம் பிறக்கிறான், அதாவது 1948. இந்த வகைக் கணக்கைத் தொடர்ந்து கொண்டுபோன நூல் செதேர் ஓலாம். 2-ஆம் நூற்றாண்டின் ரபி (யூத மத ஆசான்) யோசே பென் ஹலாப்தாவினுடையது என்பது மரபு. 2025 செப்டம்பர் 22 மாலையில் 5786 என்று யூதப் புத்தாண்டு பிறந்தது இந்த மரபுக் கணக்கின்படிதான். இதே கணக்கில் சேம் இறந்தது 2158, ஆபிரகாம் இறந்தது 2123. சேம் ஆபிரகாமுக்குப் பின்னும் 35 ஆண்டு இருந்திருக்கிறான். ஆபிரகாமை ஆசீர்வதித்த மெல்கிசேதேக் சேமே என்று ரபிகள் சொன்னது இந்தக் கூட்டலை வைத்துத்தான்.

எண்களைவிட முக்கியம், அந்த அதிகாரத்தில் வாய்பாடு உடையும் இடம். எல்லோருக்கும் "மரித்தான்" என்று முடிய, ஏழாம் இடத்தில் நிற்கும் ஏனோக்குக்கு மட்டும் அந்தச் சொல் இல்லை. 4-ஆம் அதிகாரத்தில் காயீனின் வரிசையிலும் ஏழாம் இடம் தனித்து நிற்கிறது: அங்கே லாமேக்கு, 77 மடங்கு பழி வாங்குவதாகப் பாடுகிறவன். ரூத்தின் முடிவில் உள்ள 10 பெயர்களிலும் ஏழாவது போவாஸ், பத்தாவது தாவீது. ஏழாம் இடமும் பத்தாம் இடமும் மரியாதைக்குரிய இடங்கள். அங்கே யாரை நிறுத்துவது என்பதற்காகத் தலைமுறைகளைக் கத்தரிக்கவும் தயங்கவில்லை. நகசோன் எகிப்திலிருந்து வெளியேறிய காலத்தவன். அங்கிருந்து தாவீதின் மகன் சாலொமோனின் நான்காம் ஆண்டுவரை 480 ஆண்டு என்கிறது 1 இராஜாக்கள் 6:1. நகசோனுக்கும் தாவீதுக்கும் இடையே உள்ளதோ 4 பெயர்கள்.

கத்தரிப்பு எப்படி நடந்தது என்பதை ஆசாரியன் எஸ்றாவின் சொந்த வம்சத்தில் கையும் களவுமாகப் பார்க்கலாம். எஸ்றா 7:1-5 அவனிலிருந்து 16 பெயர்களில் ஆரோனை அடைகிறது. 1 நாளாகமம் 6-ஐப் பக்கத்தில் வைத்தால், மெராயோத்துக்கும் அசரியாவுக்கும் நடுவே 6 பெயர்கள் எஸ்றாவில் இல்லை. அந்தப் பகுதியில் அமரியா, அகித்தூப், சாதோக், அசரியா என்ற பெயர்கள் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்ததுபோல மறுபடி மறுபடி வருவதால், படியெடுத்தவர் ஒரு பெயரிலிருந்து அதே பெயரின் அடுத்த வருகைக்குக் கண் தாவியிருக்கலாம். வேண்டுமென்றே சுருக்கியதாகவும் இருக்கலாம். மேலும், செராயாவின் "மகன்" எஸ்றா என்கிறது. செராயாவை கி.மு. 586-இல் பாபிலோனியர் கொன்றார்கள், எஸ்றா எருசலேமுக்கு வந்தது வழக்கமான கணிப்பில் 458. பென் என்ற எபிரேயச் சொல் மகன், பேரன், வழித்தோன்றல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதை மறந்தால்தான் இது பிழையாகத் தெரியும்.

மற்ற முரண்களையும் இப்படியே ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுக்குத் தலைவனான செருபாபேல் எஸ்றாவிலும் ஆகாயிலும் சலாத்தியேலின் மகன்; 1 நாளாகமம் 3:19-இல் பெதாயாவின் மகன். இறந்த அண்ணனின் பெயருக்குத் தம்பி பிள்ளை பெற்றுத் தரும் உபாகமம் 25-இன் சட்டம் காரணமாக இருக்கலாம் என்பது பழைய விளக்கம். சாமுவேல் 1 சாமுவேலில் எப்பிராயீம் மலைநாட்டுக் குடும்பம், நாளாகமத்தில் லேவியன். கூடாரத்தில் பணி செய்தவன் லேவியனாக இருந்தாக வேண்டும் என்பது நாளாகமக்காரரின் பார்வை, பணி வம்சத்தைத் தீர்மானித்த இடம் இது. தாவீது ஓரிடத்தில் ஈசாயின் எட்டாவது மகன், நாளாகமத்தில் ஏழாவது. ஏழாம் இடத்தைப் பற்றி மேலே சொன்னது போதும்.

இந்த நாளாகமம்தான் அட்டவணைக் கலையின் உச்சம். முதல் 9 அதிகாரமும் பெயர்களே. "ஆதாம், சேத், ஏனோஸ்" என்று எபிரேயத்தில் 13 பெயர்கள் ஒரு வினைச்சொல்லும் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. கடைசி மூவரும் அண்ணன் தம்பிகள் என்றுகூடச் சொல்வதில்லை. வாசிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. இடப் பங்கீட்டைப் பாருங்கள்: யூதாவுக்கு 2:3 முதல் 4:23 வரை 100 வசனங்கள், லேவிக்கு 81, நப்தலிக்கு ஒரே ஒரு வசனம். செபுலோனுக்கு வம்சப் பகுதியே இல்லை, தாணுக்கும் பெயர் சொல்லி ஒன்றுமில்லை. இது பாரசீகர் ஆட்சியில் யெகூத் என்ற சிறு மாகாணமாகச் சுருங்கிப்போன மக்களின் எழுத்து. அங்கே எஞ்சியிருந்தவர்கள் யூதா, பென்யமீன், லேவி ஆகியோர்தான். அரசனும் இல்லை, படையும் இல்லை. கையில் இருந்தது ஆலயமும் இந்தப் பெயர்களும். அதை வைத்துக்கொண்டு ஆதாமிலிருந்து எங்களுக்கு வழி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் வரும் எஸ்றா 2:59-63 காட்டுகிறது. தெலாயா, தொபியா, நெக்கோதா குடும்பத்தார் 652 பேர் தாங்கள் இஸ்ரவேலர்தானா என்று காட்ட முடியவில்லை. ஆசாரியர்களில் மூன்று குடும்பங்கள் தங்கள் பதிவைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதில் ஒன்று பர்சில்லாய் குடும்பம்: முன்னோன் ஒருவன் கீலேயாத் ஊர்ப் பெரிய மனிதர் பர்சில்லாயின் மகளைக் கட்டி, மாமனார் வீட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டான். பெயர் மாறியதால் ஆசாரியப் பதிவேட்டில் தொடர்பு அறுந்திருக்க வேண்டும். ஆளுநரின் தீர்ப்பு நிதானமானது. ஊரை விட்டுத் துரத்தவில்லை. ஊரீம் தும்மீமோடு (தேவனின் முடிவைக் கேட்டறிய ஆசாரியன் பயன்படுத்தியவை) ஓர் ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானவற்றில் சாப்பிடக் கூடாது என்று நிறுத்திவைத்தார். இன்னொரு குடும்பமான அக்கோஸ், பிறகு தலைதூக்கியதற்குச் சுவடு இருக்கிறது: நெகேமியா 3-இல் மதில் கட்டும் மெரெமோத்தின் தாத்தா பெயர் அக்கோஸ், எஸ்றா 8:33-இல் ஆலயப் பொருள்களை எடை போட்டு வாங்குபவனும் அதே மெரெமோத்தாகத் தோன்றுகிறான். இந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை எஸ்றாவிலும் நெகேமியாவிலும் 42,360 என்றாலும், உள்ளே உள்ள எண்களைக் கூட்டினால் ஒன்றில் 29,818, மற்றொன்றில் 31,089. எண்களைப் படியெடுப்பதில் கை தவறியிருக்கிறது.

எஸ்றா, நெகேமியா நூல்கள் வேற்றுப் பெண்களை மணந்தவர்களிடம் கடுமை காட்டுவதை வைத்து, வம்சப் பதிவென்றாலே கலப்பைத் தடுக்கும் வேலி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாளாகமத்தின் யூதா பகுதியைப் பொறுமையாக வாசித்தால் அந்த முடிவு நிற்காது. யூதாவின் மனைவி கானானியப் பெண். வம்சம் தொடர்வது மருமகள் தாமார் மூலம். தாவீதின் சகோதரி அபிகாயில் பெற்ற பிள்ளையின் தகப்பன் இஸ்மவேலன். சேசானுக்கு மகன் இல்லை. எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்கு மகளைக் கொடுக்க, அந்தக் கிளை 13 தலைமுறை இறங்குகிறது. மேரேத் மணந்தது பார்வோனின் மகளை. எதையும் ஒளிக்கவில்லை. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம் 23:3. ரூத் மோவாபியப் பெண், அவள் கொள்ளுப்பேரன் தாவீது. தல்மூதில் இதற்குச் சட்ட விளக்கம் இருக்கிறது: வசனம் மோவாபிய ஆணைச் சொல்கிறது, பெண்ணைச் சொல்லவில்லை. அட்டவணை அடைக்கும் கதவாகவும் இருந்திருக்கிறது, திறக்கும் கதவாகவும் இருந்திருக்கிறது. எந்த நூலில் எந்தக் கை எழுதியது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

இரண்டாம் ஆலயக் காலத்தில் இதெல்லாம் அலுவலக நடைமுறை. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா சொல்வது: ஆலயத்தின் செதுக்கிய கல் மண்டபத்தில் நியாயசபை கூடி ஆசாரியர்களின் வம்சத்தை விசாரிக்கும்; தகுதி இல்லை என்று தெரிந்தவன் கறுப்பு உடுத்தி வெளியே போவான், தகுதி உள்ளவன் வெள்ளை உடுத்தி உள்ளே பணிக்குப் போவான். ஆசாரியன் மணக்கப்போகும் ஆசாரியப் பெண்ணுக்கு 4 தாய்மார்கள், இரட்டித்து 8 பேரைச் சரிபார்க்க வேண்டும்: அவள் தாய், தாயின் தாய், தாயின் தகப்பனுடைய தாய், அவளுடைய தாய், தகப்பனின் தாய், அவளுடைய தாய், தகப்பனின் தகப்பனுடைய தாய், அவளுடைய தாய். மேலே போகும்போது ஒரு முன்னோன் பலிபீடத்தில் பணி செய்தவன் என்று தெரிந்தால் அதற்கு மேல் விசாரணை வேண்டாம். அவனை அப்போதே விசாரித்திருப்பார்கள். எகிப்திலும் பாபிலோனிலும் வாழ்ந்த ஆசாரியர்கள்கூடத் தங்கள் திருமண விவரத்தை எருசலேமுக்கு அனுப்பிப் பதிந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். கி.பி. 70-இல் ஆலயம் போன பிறகு இந்த நிர்வாகமும் போயிற்று. இன்று ஒருவர் கோகேன் (ஆசாரிய வம்சத்தார்) என்று அறியப்படுவது குடும்ப மரபின் பேரில்தான். ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க முதலில் கோகேனையும் அடுத்து லேவியரையும் அழைப்பது அந்த மரபின் மிச்சம்.

ரபிகளிடம் எதிர்த்திசை ஓட்டமும் உண்டு. கலந்துபோன குடும்பம் கலந்துபோனதாகவே இருக்கட்டும், கிளறாதே என்பது தல்மூதின் விதி. அடுத்தவன் வம்சத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பவன் தன்னிடமுள்ள குறையைத்தான் சொல்கிறான் என்றும் அங்கே இருக்கிறது. மனிதனை ஒருவனாகப் படைத்தது ஏன் என்று மிஷ்னா கேட்டு, "என் தகப்பன் உன் தகப்பனைவிடப் பெரியவன்" என்று யாரும் சொல்லாதிருக்க என்று பதில் தருகிறது. ஆதாமில் தொடங்கும் பட்டியலுக்கு அவர்கள் கண்ட பொருள் அது.

வம்சமே இல்லாமல் வந்து சேர்ந்தவர் கதி என்ன என்ற கேள்விக்கும் சட்டத்திலேயே விடை தேடினார்கள். முதற்பலனைக் கூடையில் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருபவர் "எங்கள் பிதாக்களுக்கு வாக்களித்த தேசத்தில் வந்து சேர்ந்தேன்" என்று சொல்ல வேண்டும் (உபாகமம் 26:3). மதம் மாறி வந்தவர் கூடையைக் கொண்டுவரலாம், இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது, அவருடைய பிதாக்களுக்கு யாரும் வாக்களிக்கவில்லை என்றது மிஷ்னா. எருசலேம் தல்மூதில் ரபி யெகூதாவின் பெயரால் மறுப்பு வருகிறது: ஆபிரகாமை "திரளான ஜாதிகளுக்குத் தகப்பன்" என்று ஆதியாகமம் 17:5 சொல்லியிருக்கிறதே, அப்படியானால் அவர் இவருக்கும் தகப்பன். 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிதேஸ் இதையே சட்டமாக எழுதினார். மதம் மாறிய ஓபதியா என்பவர் "எங்கள் பிதாக்களின் தேவனே" என்று ஜெபிக்கலாமா என்று கேட்டபோதும், ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்படியே சொல் என்று பதில் அனுப்பினார். அப்படி வந்து சேர்ந்தவரைத் தோரா வாசிக்க அழைக்கும்போது இன்றும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வது "பென் அவ்ராகாம்", ஆபிரகாமின் மகன்.